மாவு ஏன் பொங்கவில்லை?

செம்பூரிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் எங்களுக்கு மடல் எழுதியிருந்தார். வைப்புநிதி, வட்டி விகிதம், காசோலைப் புத்தகம் ஆகியவை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மூன்று பக்கமும் இட்லி மாவைப் பற்றியே இருந்தது.

கணவர் ஓய்வு பெற்றபின் வீட்டுக்கு ஏதேனும் வருவாய் வேண்டுமென்று, 12 மாதத் தவணையில் 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் ஒன்றை அவர் வாங்கினார். தம் குடியிருப்பில் இருந்த தமிழ், கன்னட, மராத்தி வீடுகளுக்கு மாவு அரைத்துக் கொடுக்கத் தொடங்கினார். பிப்ரவரியில் 22 வீடுகள் வாங்கின. மே மாதத்தில் அது 9 ஆகக் குறைந்தது. இட்லி கல்லாக இருக்கிறது என்றனர் சிலர்; மாவு புளிக்கிறது, ஆனால் பொங்கவில்லை என்றனர் சிலர். ஐந்து தவணை கட்டியாயிற்று. ஏழு மீதம் உண்டு. மடலின் கடைசி வரியில்தான் வங்கிக்குரிய கேள்வி வந்தது: இந்தக் கிரைண்டரை விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கக் கடன் கிடைக்குமா?

கடன் கொடுப்பது வங்கியின் தொழில். ஆயினும் மாவு பொங்காததற்குக் காரணம் இயந்திரம்தானா என்று அறியாமல், மற்றோர் இயந்திரத்துக்குக் கடன் கொடுப்பது கொடுப்பவருக்கும் நல்லதன்று, வாங்குபவருக்கும் நல்லதன்று. எங்கள் ஆசிரியர் குழுவில் இருவர் சமையலறைக்குப் பழக்கப்பட்டவர்கள்; அவர்களுக்கும் விடை தெரியவில்லை. எனவே மும்பையில் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். மடல் எழுதிய அம்மையாரையும் உடன் அழைத்துக்கொண்டு, மே மாதக் கடைசியில் ஒரு பிற்பகல் தாராவிக்குச் சென்றோம்.

தாராவியின் இட்லி

மும்பையில் தென்னிந்தியச் சிற்றுண்டி என்றவுடன் பலருக்கும் மாட்டுங்காதான் நினைவுக்கு வரும். 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராசும், 1942இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பி உணவகமும் இன்றும் அங்கே வரிசையில் நின்று உண்ணும் இடங்களே. ஆனால் இந்நகரத்தில் இட்லி உண்பவர் எல்லாரும் மேசைமுன் அமர்ந்து உண்பவர் அல்லர். சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ஹாரனை அழுத்திக்கொண்டு தெருத்தெருவாக ஒருவர் வருவார். பத்துப்பேர் சூழ்ந்து நின்று, சட்டினி ஊற்றிய தட்டைக் கையில் ஏந்தி, இரண்டு நிமிடத்தில் உண்டு முடித்து ரயிலைப் பிடிக்க ஓடுவர். விற்பவர் எந்த ஊர்க்காரராயினும் அவருக்கு 'அண்ணா' என்றே பெயர். அவருடைய பாத்திரத்தில் உள்ள இட்லி, பெரும்பாலும் தாராவியின் ஒற்றையறை வீடு ஒன்றில் விடியலுக்கு முன் வெந்ததாக இருக்கும்.

தாராவித் தமிழர் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. சதுப்பு நிலமும் கோலி மீனவர் குடியிருப்புமாக இருந்த இவ்விடத்துக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகக் குடும்பங்கள் வந்தன. தோல் கூடங்கள் படிப்படியாக வெளியேறின, மக்கள் தங்கினர், தொழில்கள் மாறின. தொண்ணூறு அடிச் சாலையில் நடந்தால் இன்றும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். அச்சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் பிற்பகல் நேரத்தில் நுழைந்தால் கேட்கும் ஒலி கிரைண்டரின் ஒலி.

நாங்கள் சென்ற வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இட்லி மாவு அரைப்பவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கக்கூடிய அறையில் ஒரு மூலையில் சாய்க்கும் வகைப் பெரிய கிரைண்டர். எதிர்மூலையில் தண்ணீர்ப் பீப்பாய்கள். மேலே பரணில் உளுந்து மூட்டை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை ஒட்டியே அவ்வீட்டின் நாள் நடக்கிறது. தண்ணீர் வந்ததும் அரிசி களைந்து ஊறவைப்பது, பிற்பகலில் அரைப்பது, இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது, ஐந்து மணிக்குள் மகனும் அவருடைய கூட்டாளிகளும் சைக்கிளை எடுப்பது என்று அது போகிறது.

இங்கே மாவு பொங்காமல் போனால் விளைவு என்ன என்று கேட்டோம். அரிசிக்கும் உளுந்துக்கும் எரிவாயுவுக்கும் போட்ட அன்றைய முதல் போய்விடும். சைக்கிளில் செல்லும் நால்வருக்கும் கூலி இல்லை. மறுநாள் அதே தெருமுனையில் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். நம் வீடுகளில் மாவு கெட்டால் தோசை வார்த்துச் சமாளிக்கிறோம். அங்கே அதற்கு வழியில்லை. ஆகவே அந்த அம்மா சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பணம் கொடுத்துக் கற்ற பாடம்.

செம்பூர் அம்மையார் தம் மாவை ஒரு தூக்குச் சட்டியில் கொண்டுவந்திருந்தார். தாராவி அம்மா அதைச் சுவைத்துப் பார்க்கவில்லை. இரு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார்.

"எம்புட்டு நேரம் ஊறப்போட்ட? தனித்தனியா அரைச்சியா, ஒண்ணாவா? அரைச்சு முடிக்கையில மாவு தொட்டா சூடா இருந்துச்சா?"

விடைகள் இவை: அரிசி, உளுந்து இரண்டும் இரவு முழுவதும் ஊறின. நேரம் மிச்சமாகும் என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டு, கல்லின் விளிம்பு வரை நிரப்பி அரைத்தார். ஆம், மாவு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"கிரைண்டர் மேல குத்தமே இல்லையேம்மா" என்றார் அவர்.

உளுந்துக்குத் தனி மரியாதை

அடுத்த இரண்டு மணி நேரம் நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும், பின்னர் நூல்களில் சரிபார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

இட்லி மாவில் அரிசி உடல் என்றால் பொங்கும் ஆற்றல் உளுந்தினுடையது. உளுந்தை நீர் சேர்த்து அரைக்கும்போது வழுவழுப்பான ஒரு பசை வெளிப்படுகிறது. அதிலுள்ள புரதங்களும் அரபினோகாலக்டன் என்னும் பலமூலச் சர்க்கரையும் சேர்ந்து காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மாவு புளிக்கும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்து நிறுத்துவதும் இந்தப் பசைதான். பசை வலுவாக இல்லையேல் மாவு புளிக்கும், வாயுவும் உண்டாகும். ஆனால் அது மேலே வந்து வெளியேறிவிடும். 'புளிக்கிறது, பொங்கவில்லை' என்று செம்பூரில் சொன்னவர்கள் நோயைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பசையை வளர்க்கத்தான் கிரைண்டர். அதன் கல் மெதுவாகச் சுற்றும். கருங்கல் உருளைக்கும் அடிக்கல்லுக்கும் இடையே உளுந்து நசுங்கி இழுபடும்; ஒவ்வொரு சுற்றிலும் சிறிது காற்றை உள்வாங்கும். இது நேரம் எடுக்கும் வேலை. ஒரு கப் உளுந்துக்கு 25 முதல் 30 நிமிடம் வேண்டும். பத்து நிமிடத்திலேயே மாவு மையாகிவிட்டது போலத் தோன்றும். அங்கே நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. தாராவி அம்மா ஒரு சொட்டு மாவை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். அது பஞ்சுபோல மிதந்தது. மிதக்கும் வரை அரைக்க வேண்டும்; மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம்.

ஊறவைப்பதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். தோல் நீக்கிய முழு உளுந்துக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஊறல் போதும். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் இரவு முழுதும் ஊறிய உளுந்து, கல்லில் விழுவதற்கு முன்பே புளிக்கத் தொடங்கிவிடும். பொங்கும் வலுவும் குறைந்துவிடும். புழுங்கலரிசிக்கு நான்கைந்து மணி நேரம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊறவைத்தால் ஒன்று குறையும், மற்றொன்று மிஞ்சும். இங்கே கடைகளில் 'உக்டா சாவல்' என்று கேட்டால் புழுங்கலரிசி தருவார்கள்; மாட்டுங்காக் கடைகளில் இட்லி அரிசி என்றே கிடைக்கும். உளுந்து பழையதாக இருந்தால் எந்தக் கல்லும் அதைக் காப்பாற்றாது. புது உளுந்து தண்ணீரை நிறையக் குடிக்கும்: ஒரு கப் உளுந்து ஒன்றரைக் கப் தண்ணீரைச் சாதாரணமாக ஏற்கும், நல்லதாயின் இரண்டு கப் வரை போகும்.

அந்தத் தண்ணீரை எப்படி ஊற்றுவது என்பதுதான் அடுத்த பாடம். செம்பூர் அம்மையார் முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றிவிடுவார். அப்படிச் செய்தால் உளுந்து கல்லுக்கு அடியில் அகப்படாமல் நீரில் நீந்தும். தாராவி முறை வேறு. முதலில் கிரைண்டரை ஓடவிட வேண்டும். கால் கப் தண்ணீர் விட வேண்டும். பிறகு உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். கல் தயங்கும்போது சிறிது நீர் தெளிக்க வேண்டும். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று, அரை மணி நேரமும் இந்தத் தெளிப்பு நடக்கிறது. உளுந்தைப் போட்டு நிரப்பிவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்தினால் முழுச் சுமையும் மோட்டாரின் மேல் விழும், பட்டை வழுக்கும். எங்கள் குழுவில் ஒருவர் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்துவந்தார் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

உளுந்து முதலில், அரிசி பிறகு. கல் குளிர்ந்திருக்கும்போது உளுந்து அரைபடட்டும் என்பது அந்த அம்மா சொன்ன காரணம். உளுந்தை வழித்தெடுத்தபின் கல்லைக் கழுவ வேண்டியதில்லை. அப்படியே அரிசியைப் போடலாம். அரிசியை மையாக அரைக்கக் கூடாது. விரலிடையே தேய்த்தால் மெல்லிய ரவைபோல நெருட வேண்டும். மையாகிவிட்டால் இட்லி கெட்டியாகிப் பசைபோல் ஒட்டும். உளுந்தையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டு அரைக்கும்போது, உளுந்து மிதக்கும் பதம் வருவதற்குள் அரிசி மையாகிவிடுகிறது. அரிசியைப் பார்த்து நிறுத்தினால் உளுந்து பாதியில் நிற்கிறது. செம்பூர் இட்லி கல்லானதற்கு இது இரண்டாவது காரணம்.

மற்றொன்று அளவு. 2 லிட்டர் கிரைண்டர் என்பது விளிம்பு வரை நிரப்பினால் 2 லிட்டர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. நான்கு கப் அரிசி, ஒரு கப் உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம் என்பது அதற்குப் பொருத்தமான ஈடு. உளுந்து தனியாகவும் அரிசி தனியாகவும் அரைபட்டால் இரண்டும் வசதியாகவே அடங்கும்.

சூடு

மாவு தொட்டால் சூடாக இருக்கக் கூடாது என்பதை அந்த அம்மா நான்கைந்து முறை சொன்னார். கல் அளவுக்கு மீறிச் சுமந்தாலும், நிறுத்தாமல் அடுத்தடுத்து ஈடு போட்டாலும் சூடு ஏறும். மே மாதத்தில் அவர் ஐஸ் போட்ட தண்ணீரைத்தான் தெளிக்கிறார். சூடேறிய மாவில் நுரை நிற்பதில்லை. புளிப்பும் தாறுமாறாக வேகமெடுக்கும்.

மிக்சியில் அரைத்த மாவுக்கும் கிரைண்டர் மாவுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தச் சூடுதான். மிக்சியைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. மிக்சியின் கதையே மும்பைக் கதைதான். சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்பவரின் வீட்டில், ஜெர்மனியின் பிரவுன் மிக்சி நம் சமையலறை வேலையைத் தாங்காமல் பழுதானது. பழச்சாற்றுக்காகச் செய்த மோட்டார், ஊறவைத்த பருப்புக்கும் தேங்காய்க்கும் மசாலாவுக்கும் ஈடுகொடுக்கவில்லை. அவர் வலுவான மோட்டாருடன் வடிவமைத்ததே 'சுமீத்' மிக்சி. அதைத் தயாரித்த நிறுவனம் 1963இல் தொடங்கியது. நம் தாய்மார்களின் தலைமுறைக்கு மிக்சி என்றாலே அந்தப் பெயர்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1955இல், கோவையில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் கல்லை உருவாக்கியிருந்தார். கோவை கிரைண்டர் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். இரு இயந்திரங்களும் நம் உணவுக்காகவே பிறந்தவை. ஆனால் ஒன்றன் வேலையை மற்றொன்று முழுமையாகச் செய்யாது. மிக்சியின் அலகு வெட்டுகிறது. கல் நசுக்குகிறது.

மிக்சி மட்டுமே உள்ள வீடுகளும் நல்ல இட்லி செய்யலாம். குளிர்ந்த நீர் வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டாமல் அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். சாடியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நான்குக்கு ஒன்று என்பதை மூன்றுக்கு ஒன்று ஆக்கி உளுந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மின்கட்டணம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கிரைண்டர் நெடுநேரம் ஓடுவதால் மின்சாரத்தைக் குடிக்கும் என்று நினைக்கிறோம். மேசைக் கிரைண்டரின் மோட்டார் ஏறக்குறைய 150 வாட். அது 50 நிமிடம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. 750 வாட் மிக்சி பத்து நிமிடம் ஓடினாலும் அதே எட்டில் ஒரு பங்குதான்.

பொங்கும் நேரம்

அரைத்த மாவில் நாம் எந்த ஈஸ்டும் சேர்ப்பதில்லை. லூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் போன்ற நுண்ணுயிர்கள் தானியத்திலேயே இருக்கின்றன. அவைதாம் மாவில் வாயுவையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. அவற்றுக்கு இதமான வெப்பமும் இடமும் போதும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் பாதி அளவுக்கே மாவை விட்டு, கையால் அடியிலிருந்து மேலாகக் கலக்கி, காற்றுப் புகாதபடி இறுக்காமல் மூட வேண்டும். கையால் கலப்பதில் மருந்து ஏதுமில்லை என்று சிலர் வாதிடுவர். கரண்டியைவிடக் கை நுரையை உடைக்காமல் கலக்கும் என்ற அளவில் நாங்கள் கையின் பக்கம்.

எத்தனை மணி நேரம் என்பதைச் சமையல் குறிப்பு சொல்ல முடியாது, பருவம்தான் சொல்லும். 30 டிகிரிச் சூட்டில் 12 மணி நேரம் என்று நூல்கள் கூறும். மும்பையின் மே மாதத்தில் ஆறேழு மணி நேரத்திலேயே பாத்திரம் வழியத் தொடங்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12 மணிக்கு மேலும் ஆகலாம். உப்பு நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே கோடையில் அரைத்தவுடன் உப்பிடலாம், குளிர்காலத்தில் பொங்கியபின் இடலாம். பொங்கிய மாவை மீண்டும் மீண்டும் கலக்குவது கூடாது. இட்லித் தட்டில் ஊற்றும்போது மேலாக முகந்து எடுக்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் தட்டை வைத்தால் 10 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும்.

மாவை விற்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. அரைத்தவுடன் உறையிலிட்டால் வாங்குபவரின் வீட்டில் உறை ஊதி வெடிக்கும். முழுதும் பொங்கியபின் உறையிலிட்டால் நுரை அடங்கிவிடும். செம்பூர் அம்மையார் இரண்டாவதைச் செய்துவந்தார். சிறிது எழுந்த நிலையில், உறையில் பாதிக்குமேல் காலியாக விட்டுக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும்படி தாராவி அம்மா சொன்னார். 'இன்று மாலை 4 மணிக்கு அரைத்தது' என்று ஒரு சீட்டு ஒட்டினால் வாங்குபவர் தம் பாத்திரத்தில் ஊற்றி, தம் நேரத்துக்குப் பொங்கவைத்துக்கொள்வார்.

கல்லும் பட்டையும்

பேச்சு முடியும் தறுவாயில், செம்பூர்க் கிரைண்டரின் வயதைக் கேட்டறிந்த அந்த அம்மா, கல் இன்னும் வழுவழுப்பாகியிருக்காது என்றார். பல ஆண்டு ஓடிய கல் தேய்ந்து வழுக்கும். அப்போது எவ்வளவு நேரம் அரைத்தாலும் பதம் வராது, சூடுதான் ஏறும். அம்மி கொத்துபவர் தெருவில் வந்த காலம் போய்விட்டாலும், கிரைண்டர் கல்லைக் கொத்திக் கொடுப்பவர்கள் இன்றும் பழுதுபார்க்கும் கடைகளில் இருக்கிறார்கள். புதுக் கல்லுக்கு வேறு வேலை: ஒரு கைப்பிடி அரிசியை நீர்விட்டு அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் கல்தூள் போய்விடும். சுமை ஏறும்போது கல் தளர்ந்து சுற்றி, ரப்பர் கருகும் வாடை வந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது. இதற்குப் புது இயந்திரம் தேவையில்லை. பட்டையை மாற்றினால் போதும்.

மின்சாரமும் தண்ணீரும் அருகருகே இருக்கும் வேலை இது. மூன்று முள் செருகியும் முறையான நிலத்தொடர்பும் கட்டாயம். 30 மில்லியம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சை வீட்டுப் பலகையில் பொருத்துவது, கிரைண்டர் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவன்று. ஓடும் கல்லுக்குள் கைவிட்டு மாவைத் தள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு; சேலைத் தலைப்பும் பின்னலும் அருகே தொங்கும். மரக் கரண்டி போதும். தாராவி அம்மாவின் வலக்கைச் சுட்டுவிரலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவரே காட்டினார்.

ஊரிலுள்ள அவருடைய தங்கை வீட்டில், 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் வந்த கிரைண்டர் இருக்கிறதாம். வேறொரு கவலையும் அவருக்கு உண்டு. தாராவி மறுசீரமைப்பில் அடுக்குமாடி வீடு கிடைத்தால், ஏழாவது மாடியில் இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி இட்லி அவிக்க விடுவார்களா, சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று எங்களிடம் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அவர் வீட்டில் உறங்கும் இடமும் தொழில் செய்யும் இடமும் ஒன்றே. இரண்டையும் பிரித்தால் வாடகை இரண்டாகும்.

இனி, கடன்

மடலின் கடைசி வரிக்கு வருவோம். பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கிடைக்குமா? கிடைக்கும். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரையும், 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரையும் பிணையின்றிச் சிறுதொழிலுக்குக் கடன் பெறலாம். ஆனால் 9 வீடுகளுக்கு மாவு கொடுப்பவருக்குப் பெரிய கல் எதற்கு என்ற கேள்வியை நாங்கள் கேட்க வேண்டியிருந்தது. பெரிய கல்லில் குறைந்த மாவு போட்டால் உருளை வெறுங்கல்லோடு உரசும். மாவு ஓரத்தில் ஒதுங்கி அரைபடாது. தாராவியில் பெரிய கல் சுற்றுகிறதென்றால் அதை நிரப்ப நால்வர் விற்கும் இட்லி இருக்கிறது.

மேசைக் கிரைண்டரை விற்பனைக்காக ஓட்டுபவர்கள் உத்தரவாத அட்டையை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்ற வரி பெரும்பாலான அட்டைகளில் உண்டு. வீட்டு மின்னிணைப்பில் தொழில் செய்யலாமா என்பதை மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவை விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் அம்மையார் அதைச் செய்திருக்கவில்லை, இப்போது செய்துவிட்டார். கடைகளில் சொல்லப்படும் 'வட்டியில்லாத் தவணை' பற்றியும் ஒரு சொல். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை 2013இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்கவில்லை என்றால், அந்தத் தள்ளுபடிதான் வட்டி. செயல்முறைக் கட்டணம் தனி. இரண்டு விலையையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம். அம்மையாரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ரொக்க விலையைவிட அவர் கூடுதலாகக் கட்டும் தொகை, ஒரு மாத உளுந்துச் செலவுக்குச் சற்றே குறைவு. ஏழு தவணையும் முடியும்வரை அதே கிரைண்டரில் அரைக்கும்படியும், அதன் பிறகும் வீடுகள் பெருகினால் எங்கள் கிளைக்கு வரும்படியும் சொன்னோம்.

ஜூன் மாத இறுதியில் இரண்டாவது மடல் வந்தது. உளுந்து ஒன்றரை மணி நேரம் ஊறுகிறது, தனியாக அரைபடுகிறது, சொட்டு மிதக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு ஈடு. இடையே கல் ஆறுவதற்கு அரை மணி நேரம். விட்டுப்போன வீடுகளில் ஐந்து திரும்ப வந்திருக்கின்றன. மற்றவை கடையில் உறை மாவு வாங்கப் பழகிவிட்டன, இனி வருமா என்று தெரியவில்லை. கடனைப் பற்றி இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. மழை தொடங்கிவிட்டதால் மாவு எழ எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். தாராவி அம்மாவிடம் தொலைபேசியில் விசாரித்தோம். எட்டாவது மணியில் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். விளிம்புக்கு நான்கு விரல் குறைவாக நின்றால் இன்னும் ஒரு மணி நேரம் விடலாம் என்றார்.